சூப்பர்நோவா தேடல் பிரிவு: 2023–24 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நம் சங்கத்தின் சூப்பர்நோவா (வெடித்துச் சிதறும் விண்மீன்) தேடல் பிரிவு 2023 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரை ஆற்றிய பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். இவ்வாண்டு நாம் புதிதாக எதையும் கண்டறியவில்லை. ஆயினும், கைக்கு எட்டியிருக்கக்கூடிய ஒன்று நழுவிப்போன விதத்தைப் பதிவுசெய்வது என் கடமை எனக் கருதுகிறேன்.

2023 மே 19 அன்று, ஜப்பானைச் சேர்ந்த அமெச்சூர் வானியலாளர் கொய்ச்சி இதாகாக்கி, சுமார் 2 கோடியே 10 லட்சம் ஒளியாண்டுத் தொலைவிலுள்ள எம் 101 என்ற பேரடையில் (விண்மீன்களின் பெருந்திரளில்) ஒரு சூப்பர்நோவாவைக் கண்டறிந்தார். 2023ஐஎக்ஸ்எஃப் என்று பெயரிடப்பட்ட அது, சில நாள்களிலேயே 11ஆம் பொலிவெண்ணை (எண் குறையக் குறையப் பொலிவு மிகுதி) எட்டியது. கத்திரி வெயிலின் சூடு தளத்தை விட்டு இறங்காத அந்த இரவுகளில், மொட்டை மாடியில் 8 அங்குலத் தொலைநோக்கியை வைத்து மாறி மாறிப் பார்த்தோம். நகர வெளிச்சத்தில் பேரடை முழுவதும் கரைந்துபோயிருக்க, அந்த ஒரு புள்ளி மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

நம் உறுப்பினர் ஒருவர், கண்டுபிடிப்புக்கு முந்தைய இரவான மே 18 அன்று, வானத்தின் நகர்வுக்கேற்பத் தொலைநோக்கியைத் திருப்பும் புதிய தாங்கியின் ஓட்டத்தைச் சோதிப்பதற்காக அதே எம் 101ஐ நள்ளிரவு கடந்தும் 60 நொடிப் படங்களாக எடுத்திருந்தார். மெல்லிய மேகம் படர்ந்திருந்ததால் மறுநாள் காலையே அவற்றை அழித்துவிட்டார். வெடிப்பின் ஒளி இந்திய நேரப்படி அந்த நள்ளிரவை ஒட்டியே வெளிப்படத் தொடங்கியது என்று ஆய்வாளர்கள் பின்னர் கணித்தனர். பிற நாட்டு அமெச்சூர்கள் தற்செயலாக எடுத்திருந்த படங்களும் அந்தக் கணிப்புக்கு உதவின. நம் படங்களில் அது பதிவாகியிருந்ததா என்பதை இனி அறிய வழியில்லை. பதிவாகாமலிருந்தாலும், இன்ன நேரத்தில் இன்ன பொலிவெண் வரை அங்கே எதுவும் இல்லை என்று காட்டும் படம் ஆய்வுக்குப் பயன்பட்டிருக்கும்.

சோதனைப் படங்களும் பயன்படும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2016 செப்டம்பர் 20 அன்று அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரில் பூட்டுத்தொழில் செய்யும் விக்டர் பூசோ, புதிய கேமராவைச் சோதிப்பதற்காகவே என்ஜிசி 613 பேரடையைத் தொடர்ந்து படமெடுத்தார். முதலில் எடுத்தவற்றில் வெற்றிடமும் பின்னர் எடுத்தவற்றில் ஒரு புள்ளியும் இருந்ததால்தான், விண்மீனின் மேற்பரப்பை வெடிப்பு உடைத்து வெளிவரும் கணம் அவரிடம் பிடிபட்டது.

ஆகவே, எந்தப் படத்தையும் அழிப்பதில்லை என்றும், மூலப்படங்களைத் தேதி, உலகப் பொது நேரம், பேரடை எண் ஆகியவற்றுடன் சங்கத்தின் வன்தட்டில் சேமிப்பது என்றும் ஜூன் கூட்டத்தில் தீர்மானித்தோம். கணினிக் கடிகாரத்தைச் சரிபார்த்த பிறகே படப்பிடிப்பைத் தொடங்கவேண்டும் என்பதையும் விதியாக்கினோம்.

வடகிழக்குப் பருவமழை மாதங்களில் வானம் திறக்கவில்லை. அப்போது, பொலிவு மாறும் விண்மீன்களை நோக்குவோரின் அமெரிக்கச் சங்கமான ஆவ்சோ அமைப்பின் ஒப்பீட்டு விண்மீன் வரைபடங்களைக் கொண்டு பொலிவெண் அளக்கப் பயின்றோம்.

மார்ச்சில் எம் 66 பேரடைக்கு அருகே ஒரு புதிய புள்ளி தென்பட்டது. அமெரிக்காவின் பலோமர் ஆய்வகம் எடுத்த பழைய வான்படத்தில் அது இல்லை; நம் நெஞ்சு படபடத்தது உண்மை. நாற்பது நிமிடம் கழித்து எடுத்த படத்தில் அது சற்றே நகர்ந்திருந்தது. சிறுகோள்களின் பாதைகளைப் பதிவுசெய்யும் மைனர் பிளானட் சென்டரின் சரிபார்ப்புக் கருவி அதைச் சிறுகோள் என்று உறுதிசெய்தது. சிம்ம ராசியில் சூரியப் பாதையை ஒட்டியுள்ள பேரடைகளில் இது அடிக்கடி நேரும் என்பதால், இரண்டாவது படம் இல்லாமல் யாரும் அறிவிக்கவேண்டாம். அறிவிப்பதற்குரிய இடம், 2016 முதல் பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் அதிகாரபூர்வப் பதிவகமாக உள்ள டிரான்சியன்ட் நேம் சர்வர். சூப்பர்நோவாதான் என்று நிறமாலையால் (ஒளியை நிறங்களாகப் பிரித்துப் பார்த்து) உறுதியாகும் வரை அங்கே பெயருக்கு முன் ஏடி என்ற முன்னொட்டே தரப்படும். உறுதியான பின்னரே, சூப்பர்நோவாவைக் குறிக்கும் எஸ்என்.

அமெரிக்காவின் ஸ்விக்கி டிரான்சியன்ட் ஃபெசிலிட்டி, அட்லஸ் போன்ற தானியங்கி ஆய்வுத் திட்டங்கள் இரவுதோறும் வானத்தை அலசும்போது நமக்கென்ன வேலை என்று சில உறுப்பினர்கள் கேட்டனர். அத்திட்டங்களின் இரு பார்வைகளுக்கு இடையே பல மணி நேரமும், மேகம் மறைத்தால் நாள்களும் கடக்கின்றன. அத்திட்டங்களின் தொலைநோக்கிகள் பலவற்றுக்குப் பகலாக இருக்கும் வேளை நமக்கு இரவு. இந்த இடைவெளியில்தான் நம் பணி இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வரவுசெலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். உறுப்பினர்கள் தங்கள் கணினிகளில் எஞ்சியிருக்கும் பழைய பேரடைப் படங்களை, மேகம் படிந்தவை உட்பட, மே மாதக் கூட்டத்துக்குள் ஒப்படைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்