தலைகீழாய்த் தொங்கிய புழுக்களும் ஒரு நன்றிக் கடனும்

இந்தப் பருவம் என் தக்காளித் தோட்டத்தைக் காப்பாற்றிக் கொடுத்த எல்லோருக்கும் வணக்கம்.

ஒவ்வொருவரையும் நேரில் பார்த்துச் சொல்லத்தான் நினைத்தேன். பறிப்பு மும்முரத்தில் முடியவில்லை, அதனால் இந்த மடல்.

முதலில் ஆய்வுக்கூடத்து அக்கா. காய்ப்புழுவுக்கு நோய் உண்டாக்கிக் கொல்லும் என்.பி.வி. என்ற வைரஸின் கரைசலைக் கையில் கொடுத்து, "சாயங்காலம் அடியுங்கள், புழு சின்னதாக இருக்கும்போதே அடியுங்கள்" என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினீர்கள். வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் வைரஸ் வீணாகிவிடும், வளர்ந்த புழுவோ காய்க்குள் போய் ஒளிந்துகொள்ளும் என்பதெல்லாம் அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

அடித்த மறுநாள் போய்ப் பார்த்தால் புழு அது பாட்டுக்கு மேய்கிறது. அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் கடும் விஷம் ஒன்றைக் கலக்கக் கிளம்பிய என்னைத் தடுத்தவர் பக்கத்துத் தோட்டத்து அண்ணன். "வைரஸ் வயிற்றுக்குள்ளே போய்ப் பெருக வேண்டாமா? ஒரு வாரம் பொறுப்பா" என்றார். அண்ணா, அந்த நாட்களில் உங்களை மனதுக்குள் திட்டிக்கொண்டேதான் இருந்தேன். இப்போது சொல்லிவிடுகிறேன்.

ஆறாம் நாள் காலை, செடிகளின் உச்சியில் புழுக்கள் பின்னங்கால்களால் தண்டைப் பிடித்தபடி தலைகீழாகத் தொங்கின. உடம்பு வெளுத்து ஊதியிருந்தது. ஒன்றைக் குச்சியால் தொட்டேன், தோல் கிழிந்து கூழாக ஒழுகியது. அருவருப்புதான். ஆனாலும் செடி செடியாகப் போய் எண்ணினேன். அந்தக் கூழ் கீழ் இலைகளில் சொட்ட, அதைத் தின்னும் புழுவுக்கும் அதே கதி. ஒரு துளியை எடுத்துப்போனபோது அக்கா நுண்ணோக்கியில் காட்டினார்: பளபளக்கும் பொடிக் கற்கள்போல, வைரஸைப் பொதிந்து வைத்திருக்கும் புரத உறைகள். தேனீக்கும் பொறிவண்டுக்கும் இதனால் ஒன்றும் ஆகாது.

வெள்ளை ஈ விஷயத்தில் முட்டாள்தனம் முழுக்க என்னுடையது. அந்த ஈயைக் கொல்லும் பவேரியா என்ற பூஞ்சணத்தோடு, செடி நோய்க்கான பூஞ்சணக்கொல்லியையும் ஒரே தொட்டியில் கலந்துவிட்டேன். வேலை மிச்சமாம்! நல்ல பூஞ்சணம் எது, கெட்ட பூஞ்சணம் எது என்று மருந்துக்குத் தெரியுமா? சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கிச் சொன்ன தெளிப்புக்காரத் தம்பிக்கு நன்றி. மறுமுறை பவேரியாவைத் தனியாக, காற்றில் ஈரம் இருந்த ஒரு மாலையில், இலையின் அடிப்புறம் நனைய அடித்தது அவர்தான். இதைப் பூச்சி தின்ன வேண்டியதில்லை. பூஞ்சணத்தின் வித்து பூச்சியின் உடம்பில் ஒட்டி, முளைத்து, தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே இறங்கும். முளைக்கத்தான் அந்த ஈரம்.

அப்புறம், பட்டுப்புழு வளர்க்கும் பெரியவருக்கு. ஐயா, நீங்கள் சண்டைக்கு வந்திருந்தால்கூட நியாயம்தான். 1835-இல் இத்தாலியில் அகஸ்தீனோ பாசி பட்டுப்புழுக்களைக் கொல்லும் வெள்ளை நோய்க்குக் காரணம் என்று காட்டியது இதே பூஞ்சணத்தைத்தான். பவேரியா பாசியானா என்ற அதன் முழுப் பெயரில் 'பாசியானா' அவரை வைத்து வந்தது. எனக்கு உதவிக்கு வந்தது உங்களுக்கு எமன். நீங்களோ காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று மட்டும் கேட்டுவிட்டு, மல்பெரி வரப்பை ஒட்டிய நான்கு வரிசைகளை விட்டுவிடச் சொன்னீர்கள். விட்டுவிட்டேன். அந்த வரிசைகளில் வெள்ளை ஈ இன்னும் இருக்கிறது, இருக்கட்டும்.

அண்ணா, உங்கள் தெளிப்பானை மூன்று தடவை கழுவித் திண்ணையில் வைத்திருக்கிறேன். நான் இல்லாவிட்டாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
தக்காளித் தோட்டக்காரன்