தீயணைப்பு வண்டிக்கு இன்னும் 46,550 வெள்ளி: செப்டம்பர் 30க்குள் உங்கள் உதவி வேண்டும்

மாரியம்மன் துணை

அன்பார்ந்த பட்டணத்து மக்களுக்கும், தோட்டத்துச் சொந்தங்களுக்கும், இங்கே பிறந்து இப்போது கோலாலம்பூர், ஜொகூர், சிங்கப்பூர் என்று வாழும் பிள்ளைகளுக்கும் செயற்குழுவின் வணக்கம்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நம் தன்னார்வத் தீயணைப்புப் படைக்கு வண்டி பார்த்தாயிற்று. ஜப்பானில் ஓடிய பழைய வண்டிதான், ஆனால் பம்ப் நன்றாக இருக்கிறது. நம் பையன்கள் இருவர் கிடங்குக்கே போய் இரண்டு மணி நேரம் தண்ணீர் இறைத்துப் பார்த்துவிட்டு வந்தார்கள். 20,000 வெள்ளி (ரிங்கிட்) முன்பணம் கட்டிவிட்டோம். மீதியைச் செப்டம்பர் 30ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். தவறினால் வண்டி வேறு ஊருக்குப் போய்விடும், முன்பணமும் திரும்பி வராது. அந்த முன்பணம் உங்களில் பலர் கொடுத்த பணம். அதை இழந்துவிட்டு உங்கள் முகத்தில் எப்படி விழிப்போம்?

இப்போதிருக்கும் வண்டி ஓடிக்கொண்டுதானே இருக்கிறது, எதற்கு இன்னொன்று என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. வண்டி ஓடுகிறது, பம்ப்தான் கைவிட்டுவிட்டது.

சென்ற தீபாவளிக்கு மூன்று நாள் இருக்கும்போது நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தோட்டத்து வரிசை வீடுகளான பழைய லயத்தில் முறுக்கு சுட்ட எண்ணெய்ச் சட்டியில் தீப்பிடித்தது. பதற்றத்தில் யாரோ ஒரு வாளித் தண்ணீரை அதில் ஊற்றிவிட்டார்கள். கொதிக்கிற எண்ணெயில் தண்ணீர் விழுந்தால் அது நொடியில் ஆவியாகி, எரியும் எண்ணெயையும் சேர்த்து மேலே தூக்கி எறியும். தீ கூரைக்கு ஏறிவிட்டது. சட்டியின் மேல் ஒரு மூடியைப் போட்டு அடுப்பை அணைத்திருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். இதைப் படிப்பவர்கள் தயவுசெய்து வீட்டில் எல்லாருக்கும் ஒரு முறை சொல்லி வையுங்கள்.

நம் வண்டி ஆறு நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. அதன் தொட்டியில் 900 லிட்டர்தான் பிடிக்கும். ஒரு ஹோஸைத் திறந்தால் நிமிடத்துக்கு 400 லிட்டர் போகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள், இரண்டேகால் நிமிடம். அதற்குள் உறிஞ்சு குழாயைப் பக்கத்துக் கால்வாயில் போட்டுத் தண்ணீர் எடுக்கத் தொடங்கிவிட வேண்டும். அன்று பம்ப் உறிஞ்சவில்லை. உள்ளே இருக்கும் சீல் தேய்ந்து காற்று புகுந்துவிட்டது. அந்த மாடலுக்கு உதிரிப்பாகம் இப்போது எங்கும் கிடைப்பதில்லை. பதினோரு நிமிடம் நம் பையன்கள் வெறும் ஹோஸைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். லயத்து வீடுகளைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பலகைச் சுவர், எல்லா வீட்டுக்கும் ஒரே நீளக் கூரை, கூரைக்குள்ளே தடுப்பு என்று எதுவும் கிடையாது. தண்ணீர் வந்தபோது மூன்று வீடுகள் போய்விட்டன. கடைசி வீட்டுப் பாட்டியை இருவர் ஈரச் சாக்கைப் போர்த்தித் தூக்கி வந்தார்கள். அம்மன் புண்ணியத்தில் உயிர் எதுவும் போகவில்லை. ஆனால் அன்று ஹோஸ் பிடித்தவர்களில் ஒருவர், லோரி ஓட்டுபவர், நாற்பது வயது மனிதர், விடியும்வரை கால்வாய்க்கரையில் உட்கார்ந்து அழுததை நாங்கள் பார்த்தோம்.

அருகிலுள்ள பொம்பா, அதாவது அரசுத் தீயணைப்பு நிலையம், 31 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அவர்கள் மேல் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. அழைத்தவுடன் கிளம்பி வந்தார்கள், கடைசிக் கங்கு அணையும்வரை கூட நின்றார்கள். இனியும் எந்த ஆபத்தென்றாலும் முதலில் 999க்கு அழையுங்கள், அப்புறம் நமக்குச் சொல்லுங்கள். ஆனால் செம்பனைக் குலை லோரிகள் ஊர்ந்து போகும் அந்த ஒற்றைச் சாலையில் எந்தச் சைரனும் 31 கிலோமீட்டரைக் குறைத்துவிடாது. அவர்கள் வந்து சேரும்வரை நம் ஊரை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்படித்தான் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறோம். மூத்தவர்களுக்கு இது தெரிந்த கதை, இளையவர்களுக்காக எழுதுகிறோம். 1960களில் ஒரு நாள், ரப்பர் ஷீட்டுகளைப் புகையில் உலர்த்தும் கொட்டகை தீப்பிடித்தது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நின்ற அத்தனை பேரும் ரப்பர் பால் வெட்டப் போகாமல், தோள்கம்பில் சுமக்கும் காண்டா வாளிகளோடு கால்வாய்க்கு ஓடினார்கள். பால் சுமந்த வாளியில் தண்ணீர் சுமந்தார்கள். கொட்டகை போய்விட்டது, லயம் தப்பியது. அந்த மாதச் சம்பளத்தில் ஆளுக்கு இரண்டு வெள்ளி எடுத்துவைத்துத்தான் நம் படையின் முதல் பம்ப் வந்தது. இரண்டு பேர் மாறி மாறி அடிக்கும் கைப்பம்ப் அது. இன்றும் நம் கொட்டகையில் இருக்கிறது, ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைக்கிறோம். கொடுத்தவர்களின் பெயர்கள் ஒரு மொய் நோட்டில் இருக்கின்றன. பாதிப் பேருக்குக் கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு.

அது எப்படிப்பட்ட காலம் என்று நினைத்துப் பாருங்கள். வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள், நாளைக்கு வேலை இருக்குமா என்று தெரியாது. அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசி, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியதும் அப்போதுதான். பால்வெட்டுத் தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்த பணத்தில் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தையே வாங்கினார்கள். நம் தாத்தா பாட்டிகள் அந்தப் பத்து வெள்ளியையும் கொடுத்தார்கள், பம்புக்கு இரண்டு வெள்ளியும் கொடுத்தார்கள். வயிற்றைக் கட்டிக் கொடுத்த பணம் அது.

தண்ணீரைத் தேக்கிவைப்பதன் அருமை நம் ஹிலிர் பேராக் வட்டாரத்துக்குப் புதிதும் இல்லை. தெலுக் இந்தானில் சாய்ந்து நிற்கிற கோபுரத்தின் முன்னால் நின்று எல்லாரும் படம் எடுத்துக்கொள்கிறோம். 1885இல் அதைக் கட்டியபோது உள்ளே தண்ணீர்த் தொட்டி இருந்தது. வறட்சி வந்தாலும் தீப்பிடித்தாலும் ஊருக்குத் தண்ணீர் வேண்டும் என்று அன்றைக்கே யோசித்திருக்கிறார்கள்.

அப்புறம் 1976இல் தீயணைப்புச் சேவை மத்திய அரசின் கைக்கு வந்தது. 1997இல் அந்த இலாகாவின் பெயரிலேயே மீட்புப் பணியும் சேர்ந்தது. நம் படைக்கும் வேலை அப்படித்தான் கூடிக்கொண்டு போனது. வெள்ளத்தில் படகு இறக்குவது, விபத்தில் நசுங்கிய காரை வெட்டி ஆளை எடுப்பது, கோழிக்கூண்டில் மலைப்பாம்பு புகுந்தால் பிடிப்பது, எல்லாவற்றுக்கும் இவர்கள்தான். மழை பொய்க்கிற மாதங்களில் கம்புட் என்கிற சதுப்புநிலக் கரிமண்ணில் பிடிக்கும் தீ இருக்கிறதே, அது தனிக் கொடுமை. மேலே அணைந்த மாதிரி இருக்கும், மண்ணுக்குள்ளே வேரோடு வேராக ஊர்ந்துபோய் நாலு நாள் கழித்து வேறிடத்தில் புகையும். மண்ணே சேறாகும்வரை தண்ணீர் விட வேண்டும். 900 லிட்டர் அதற்கு ஒரு வாய்க்குக் காணாது.

இப்போது கணக்கு. வண்டி 118,000 வெள்ளி. பதிவு, புஸ்பகோம் வாகனச் சோதனை, வண்ணம், வயர்லெஸ் எல்லாம் சேர்த்து 9,500. நான்கு மூச்சுக்காற்று சிலிண்டர்கள், ஒன்று 2,600 வீதம் 10,400. பத்து ஹோஸ்கள் 4,200. மொத்தம் 142,100 வெள்ளி. முன்பணத்தையும் சேர்த்து இன்றுவரை வந்திருப்பது 95,550. மீதி 46,550. புதிய வண்டியின் தொட்டி 2,500 லிட்டர். அதே ஹோஸுக்கு ஆறு நிமிடத்துக்கு மேல் வரும். கால்வாயில் குழாய் போட அந்த நேரம் தாராளம்.

சிலிண்டர் எதற்கு என்று கேட்டவர்களுக்கும் சொல்ல வேண்டும். கார்பன் இழையில் செய்த அந்த சிலிண்டர்களின் ஆயுள் 15 ஆண்டு, அதற்குமேல் அவற்றில் காற்று நிரப்பக்கூடாது. நம்மிடம் இருப்பவற்றில் நான்கு காலம் கடந்துவிட்டன. ஒரு சிலிண்டர் காற்று, புகைக்குள்ளே வேலை செய்பவருக்கு அரை மணி நேரம் வந்தால் அதிகம். வீட்டுக்குள் எரிகிற மெத்தையும் சோபாவும் கக்குகிற புகையை நாலு மூச்சு இழுத்தால் ஆள் விழுந்துவிடுவார். 2018 அக்டோபர் 3ஆம் தேதி பூச்சோங்கில் ஒரு பழைய சுரங்கக் குட்டையில் விழுந்த பையனைத் தேடப்போன ஆறு பொம்பா வீரர்கள் நீரில் மூழ்கி இறந்தார்கள். முழுப் பயிற்சி பெற்றவர்களுக்கே அந்த நிலைமை. நம் பிள்ளைகளைப் பழைய சாமான்களோடு உள்ளே அனுப்ப எங்களுக்கு மனம் வரவில்லை.

படையில் இப்போது 22 பேர், அதில் இரண்டு பெண்கள். தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லாரும் இருக்கிறார்கள். செம்பனை ஆலையில் ஷிப்ட் பார்ப்பவர், வாத்தியார், மோட்டார் பட்டறைக்காரர், காலையில் நாசி லெமாக் விற்பவர். இரவு இரண்டு மணிக்கு வாட்சாப்பில் செய்தி வந்தால் எழுந்து ஓடுகிறார்கள், மறுநாள் காலை வழக்கம்போல வேலைக்கும் போகிறார்கள். அரசு மானியம் கொஞ்சம் வருகிறது. அது டீசலுக்கும் பழுதுபார்க்கவும் சரியாகப் போய்விடுகிறது.

இதுவரை கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்லாமல் மேலே எழுதக்கூடாது. முதல் ரசீது யாருக்கு எழுதினோம் தெரியுமா? தீயில் வீட்டை இழந்த அந்தப் பாட்டிக்குத்தான். மகள் வீட்டில் ஒண்டிக்கொண்டு இருக்கிறவர், 50 வெள்ளியை முந்தானையில் முடிந்து கொண்டுவந்தார். வேண்டாம் பாட்டி என்று பொருளாளர் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை, கோபித்துக்கொண்டார். வாங்கிக்கொண்டோம். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் மைலோ டின்னில் சில்லறை சேர்த்து 312 வெள்ளி 40 காசு கொடுத்தார்கள். எண்ணி முடிக்க எங்களுக்கு ஒரு மாலை முழுக்க ஆனது, அவ்வளவு சந்தோஷம். முஸ்லிம்களின் தொழுகை இடமான சூராவில் ஒரு வெள்ளிக்கிழமை வசூல் முழுவதையும் நமக்கே தந்தார்கள். சீனக் கோயிலான தோக்கோங்கின் குழுவினர் விருந்து மேசை ஏலத்தில் வந்த 8,000 வெள்ளியைக் கொண்டுவந்து இரண்டு கைகளாலும் நீட்டினார்கள். இரும்புக்கடை முதலாளி தவுக்கே ஹோஸ் இணைப்புகளுக்குக் காசே வாங்கவில்லை. மகனின் முதல் பிறந்தநாள் விருந்தை நிறுத்திவிட்டு அந்தப் பணத்தைக் கொடுத்த தம்பதியர், மாதா மாதம் சிங்கப்பூரிலிருந்து நூறு வெள்ளி அனுப்பும் நம் ஊர்த் தம்பி, ஓய்வு பெற்ற பால்வெட்டுக்கார அம்மாக்கள் ஒன்பது பேர் சேர்ந்து தந்த 450 வெள்ளி. உங்கள் எல்லாருக்கும் எங்கள் கைகூப்பிய நன்றி. உங்கள் குடும்பங்கள் நோய்நொடி இல்லாமல் வாழ அம்மனை வேண்டிக்கொள்கிறோம்.

இனி எழுதுவதைக் கோபிக்காமல் படியுங்கள். ரசீதுப் புத்தகத்தில் இதுவரை 217 பெயர்கள்தான் இருக்கின்றன. பட்டணம், இரண்டு தாமான் குடியிருப்பு, நான்கு தோட்ட டிவிஷன் என்று ஆயிரம் வீட்டுக்கு மேல் இருக்கிறோம். இனி 931 குடும்பங்கள் 50 வெள்ளி வீதம் கொடுத்தால் பற்றாக்குறை தீர்ந்துவிடும். ஒரு முறை பட்டணத்துக்குப் போய்க் குடும்பத்தோடு சாப்பிட்டு வருகிற செலவு. படை வந்து தீயை அணைத்துக் கொடுத்த கடைகளில் இரண்டு இன்னும் ஒரு வெள்ளியும் தரவில்லை. பெயர் எழுத மாட்டோம், அவர்களுக்கே தெரியும். கதவு திறந்தே இருக்கிறது.

வெளியூர்ப் பிள்ளைகளே, நீங்கள் ஊரை விட்டுப் போய்விட்டீர்கள், ஆனால் அம்மா அப்பா இன்னும் இங்கேதான் இருக்கிறார்கள். சாமி மேடையில் விளக்கேற்றி வைத்துவிட்டு அப்படியே கண்ணயர்கிறார்கள். வீட்டு வயரிங் நீங்கள் பள்ளிக்கூடம் போன காலத்தது. கேஸ் தோங் (சிலிண்டர்) வாசனை வந்தால் அவர்கள் யாரைக் கூப்பிடுவார்கள்? கோலாலம்பூரிலிருந்து நீங்கள் கார் எடுத்து வருவதற்குள் யார் அவர்கள் வாசலில் நிற்பார்கள்? ஆடித் திருவிழாவுக்கு நீங்கள் வரும்போது, பூக்குழிப் பக்கத்தில் ஹோஸோடு நாள் முழுக்க வெயிலில் நிற்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்களும் வேண்டுதல் உள்ளவர்கள்தான். உங்கள் பிள்ளைகள் பத்திரமாக இறங்கி ஏறட்டும் என்று தாங்கள் இறங்காமல் காவல் நிற்கிறார்கள். அம்மனுக்குச் செலுத்தும் காணிக்கையில் ஒரு பங்கை இவர்களுக்குக் கொடுத்தால் அம்மன் குறையாக நினைக்க மாட்டாள்.

பணம் கட்ட, கோயில் அலுவலகத்தில் தினமும் மாலை 6 முதல் 8 வரை பொருளாளர் இருப்பார். கைப்பேசியில் பணம் அனுப்ப டூயிட்நவ் கியூஆர் அட்டையைக் கோயிலிலும் படையின் கொட்டகையிலும் ஒட்டியிருக்கிறோம். வெளியூரில் இருப்பவர்கள் இங்குள்ள சொந்தக்காரர் வழியாகப் படத்தை வாங்கிக்கொள்ளலாம். வருமான வரித் தள்ளுபடிக்கான அனுமதி நம்மிடம் இல்லை, அதை முன்பே சொல்லிவிடுகிறோம். வீட்டுக்கு வருபவர்களிடம் படையின் அட்டையும் எண் போட்ட ரசீதுப் புத்தகமும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு காசும் கொடுக்காதீர்கள். முழு வரவு செலவை அக்டோபர் முதல் வாரத்தில் கோயில், சூராவ், தோக்கோங் மூன்று இடத்திலும் பலகையில் ஒட்டுவோம். மலாயிலும் சீனத்திலும் இதே வேண்டுகோள் தனியாகப் போகிறது.

ஞாயிறுதோறும் காலை 8 மணிக்குப் பள்ளித் திடலில் பயிற்சி நடக்கிறது. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வாருங்கள். அந்தப் பழைய கைப்பம்பை வெளியே எடுத்து வைத்திருப்போம், மொய் நோட்டும் மேசையில் இருக்கும். உங்கள் தாத்தாவின் கைநாட்டைத் தேடிப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், பொருளாளர்
மற்றும் செயற்குழுவினர்,
நம் பட்டணத் தன்னார்வத் தீயணைப்புப் படை