பையில் பிடித்ததா, டப்பாவில் பிடித்ததா? லேப் நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

லேப் நடத்துகிறவர்களுக்கும், அங்கே சாம்பிள் வாங்கும் மேசையில் உட்கார்ந்திருக்கும் டெக்னீஷியன்களுக்கும் வணக்கம்.

போன சித்திரையில் என் மகளுக்கு 11 மாதம். மூன்று நாளாகக் காய்ச்சல். சளி இல்லை, இருமல் இல்லை, வயிற்றுப்போக்கும் இல்லை. காரணம் தெரியாத காய்ச்சல் என்றால் கைக்குழந்தைக்கு யூரின் பார்த்தாக வேண்டும் என்று எங்கள் டாக்டர் ரொட்டீனும் (வழக்கமான சோதனை) கல்ச்சரும் (கிருமி வளர்கிறதா என்று பார்ப்பது) எழுதிக் கொடுத்தார். ஒரு லேபுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். பெயர் வேண்டாம். இடுப்புத் துணியை அவிழ்த்து, கழுவக்கூட இல்லாமல், ஒரு பிளாஸ்டிக் பையை ஒட்டிவிட்டார்கள். ஒரு மணி நேரம் கழித்துத்தான் ஒன்றுக்குப் போனாள். பையில் இருந்ததை பாட்டிலில் ஊற்றி மேசை ஓரத்தில் வைத்தார்கள். சாயங்காலம் மெயின் பிராஞ்சுக்குப் போகும் வண்டியில் அனுப்புவதாகச் சொன்னார்கள். அப்போது காலை மணி 11. அந்த அறையில் ஒரே ஒரு மின்விசிறி.

ராத்திரி பத்தரைக்கு வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் வந்தது. பஸ் செல் (சீழ் அணு) 15–20 என்று தடித்த எழுத்தில், பக்கத்தில் 0–5 இருக்கலாம் என்று. எபிதீலியல் செல் (தோல், உட்சவ்விலிருந்து உதிர்வது) 10–12. நைட்ரைட் (சில கிருமிகள் சிறுநீரில் உண்டாக்குவது) நெகட்டிவ். கீட்டோன் (உடம்பு கொழுப்பை எரிக்கும்போது வருவது) இரண்டு பிளஸ். என் கணவர் கீட்டோனை இணையத்தில் தேடி, சர்க்கரை நோய் வரைக்கும் போய்விட்டார். மாமியார், "சூடு பிடிச்சிருக்கு, சீரகத் தண்ணி குடு" என்றார். (அன்றிரவு எங்கள் வீட்டில் நிதானமாக இருந்தவர் அவர் ஒருவர்தான்.) பன்னிரண்டு மணிக்குக் காய்ச்சல் 103 தாண்டியதும் நர்சிங் ஹோமுக்கு ஓடினோம். டூட்டி டாக்டர் போனிலேயே ரிப்போர்ட்டைப் பார்த்தார், யூரின் இன்ஃபெக்‌ஷன் என்றார், ஆன்டிபயாடிக் ஊசி போட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் கையில் இருந்தது எண்கள் மட்டும்தான்.

மறுநாள் எங்கள் டாக்டர் அதே தாளைப் பார்த்தார். மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடாத குழந்தைக்குக் கீட்டோன் வரத்தான் செய்யும், சர்க்கரைக்கு நேரே 'நில்' என்று இருக்கிறதே, இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டாமா என்று என் கணவரைப் பார்த்துச் சிரித்தார். பஸ் செல்லுக்கு வந்ததும் அந்தச் சிரிப்பு போய்விட்டது. "எப்படிப் பிடித்தார்கள்?" என்று கேட்டார். "பையில்" என்றேன். "இதில் எழுதவில்லையே" என்றார்.

அவர் விளக்கியதுதான் இந்த மடலுக்கே காரணம். பை தோலில் ஒட்டியிருக்கிறது. அந்த இடத்துத் தோலில் இருப்பது, மலத்திலிருந்து ஒட்டியிருப்பது எல்லாம் அதில் கழுவி இறங்கும். எபிதீலியல் செல் அத்தனை இருந்தாலே தோல் கலந்திருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். பஸ் செல் வேறு காய்ச்சல்களிலும் கொஞ்சம் கூடலாம். சரி, நைட்ரைட் நெகட்டிவ் என்பதை வைத்து நிம்மதி அடையலாமா? அதுவும் முடியாது. கிருமி நைட்ரைட்டை உண்டாக்க, சிறுநீர் உடம்புக்குள் இருக்கிற சிறுநீர்ப்பையில் ஏறத்தாழ நான்கு மணி நேரமாவது தங்க வேண்டும். அடிக்கடி நனைக்கிற குழந்தையிடம் அதற்கு அவகாசம் ஏது? பாசிட்டிவ் என்று வந்தால் பெரிதாக எடுத்துக்கொள்ளலாம், நெகட்டிவ் என்பதை அப்படி எடுத்துக்கொள்ள முடியாது.

மூன்றாம் நாள் கல்ச்சர் ரிப்போர்ட் வந்தது. மூன்று வகைக் கிருமிகள் வளர்ந்திருக்கின்றன, மாசு கலந்திருக்கலாம், மீண்டும் அனுப்பவும் என்று ஒரு வரி. மீண்டும் எதை அனுப்ப? அதற்குள் ஆன்டிபயாடிக் உடம்பு முழுக்கப் போயாகிவிட்டது. இனி எடுக்கிற சிறுநீரில் கிருமி இல்லை என்று வந்தால், முதலிலேயே இல்லையா, மருந்தில் செத்ததா என்று யார் சொல்வது?

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கிற விஷயம் எதுவும் இல்லை. எப்படிப் பிடித்தது, எத்தனை மணிக்குப் பிடித்தது என்ற இரண்டு விவரங்களை ரிப்போர்ட்டின் மேலேயே எழுதுங்கள். சிறுநீர் வழியில் சிறு குழாய் விட்டு எடுத்த சிறுநீரில் மில்லிலிட்டருக்கு 50,000 கிருமி இருந்தாலே வழக்கமாகத் தொற்று என்று எடுத்துக்கொள்வார்கள். சுத்தமாக டப்பாவில் நேராகப் பிடித்ததற்கு அந்த அளவு 1,00,000. பையில் பிடித்ததற்கு எந்த எண்ணையும் வைத்துத் தொற்று என்று உறுதி சொல்ல முடியாது. பிடித்த விதம் தெரியாவிட்டால் உங்கள் மெஷின் கொடுக்கும் எண்ணை டாக்டர் எப்படிப் படிப்பார்?

பையைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. பையில் பிடித்ததிலேயே ஒன்றும் இல்லை என்று வந்தால் அது நல்ல சேதிதான், பெரும்பாலும் நம்பலாம். ஆனால் கல்ச்சர் சீட்டோடு ஒரு கைக்குழந்தை வந்தால், பையை எடுப்பதற்கு முன்னால் அந்த டாக்டருக்கு ஒரு போன் போடுங்கள். குழாய் விட்டு எடுக்க வேண்டுமானால் அவர் ஆஸ்பத்திரியிலேயே எடுத்துக்கொள்வார். இல்லையென்றால் அம்மாவிடம் கிருமி நீக்கிய டப்பாவைக் கொடுத்து, கழுவிவிட்டு, பால் கொடுத்துவிட்டுக் காத்திருக்கச் சொல்லுங்கள். அடிவயிற்றில் குளிர்ந்த ஈரத் துணியால் மெதுவாகத் தேய்த்தால் சில குழந்தைகள் சீக்கிரம் ஒன்றுக்குப் போய்விடும். 2017இல் வெளியான மெல்போர்ன் ஆய்வில், ஒரு வயதுக்குள் இருந்த குழந்தைகளில் இப்படித் தேய்த்தவர்களில் 31 சதவீதம் பேர் ஐந்து நிமிடத்துக்குள் போனார்கள். தேய்க்காதவர்களில் 12 சதவீதம்தான். அதற்கு உட்கார ஒரு மறைவான மூலையும் ஒரு நாற்காலியும் போதும். கூட்டமாக இருக்கிற காலை நேரத்தில் இதெல்லாம் தொல்லைதான், தெரிகிறது.

அப்புறம் அந்த மேசை ஓரம். யூரின் தொற்றுக்குப் பெரும்பாலும் காரணமான ஈ.கோலை கிருமி, வசதியான சூட்டில், இருபது நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிக்கும். ஒரு மணி நேரத்துக்குள் கல்ச்சர் போட முடியாவிட்டால் பாட்டிலை ஃபிரிட்ஜில் வையுங்கள். தடுப்பூசிக்கு வைத்திருக்கிற ஃபிரிட்ஜில் இல்லை, தனியாக.

என் மகளுக்கு வயிற்று ஸ்கேன் எடுத்தோம். கிட்னி இரண்டும் நன்றாக இருக்கின்றன. இரண்டு வயதுக்குள் காய்ச்சலோடு யூரின் தொற்று வந்திருந்தால் ஸ்கேன் பார்த்தாக வேண்டுமாம். வந்ததா இல்லையா என்பதே தெரியாததால் எங்களுக்கும் எடுத்தார்கள். இப்போது அவளுடைய ஃபைலில் முதல் பக்கத்தில் யூரின் இன்ஃபெக்‌ஷன் என்று எழுதி, அடைப்புக்குள் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறது. எப்போது காய்ச்சல் வந்தாலும் புதிதாகப் பார்க்கிற டாக்டர் அந்தக் கேள்விக்குறியில் விரலை வைத்து, "இது என்னம்மா?" என்று கேட்கிறார். நான் மறுபடியும் அந்தப் பையிலிருந்து கதையை ஆரம்பிக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு குழந்தையின் அம்மா