சாளையும் வீடுதான்: கேரள மின்சார ஒழுங்குமுறை ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

கேரள மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில், தென்னந்தோப்புக்குள் இருக்கும் ஒரு வீட்டிலிருந்து எழுதுகிறேன். ஆந்திரச் சித்தூர் அல்ல, இது பாலக்காட்டுச் சித்தூர். முன்பு கொச்சி அரசின் கீழ் இருந்த ஊர்கள் இவை. 1956இல் கேரளம் உருவானபோது அதோடு சேர்ந்தன. வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று எல்லை நெடுகத் தமிழ் பேசும் குடும்பங்கள் உண்டு. வீட்டில் தமிழ், கடையில் இரண்டும், அலுவலகத்தில் மலையாளம் என்று பழகிவிட்டோம். அதில் எங்களுக்குக் குறை இல்லை.

தோட்டத்துக்குள் கட்டிக் குடியிருக்கும் வீட்டை எங்கள் பக்கம் சாளை என்போம். பொள்ளாச்சிப் பக்கமும் அப்படித்தான். ஓடு போட்டிருந்தாலும் சரி, தார்சு போட்டிருந்தாலும் சரி, தோட்டத்தில் இருந்தால் அது சாளை. மலையாளத்தில் அதே சொல்லுக்குக் குடிசை, கொட்டகை என்றுதான் பொருள். இந்த ஒரு சொல்லால் எங்கள் புது வீட்டில் நாலு மாதம் விளக்கு எரியவில்லை.

நடந்தது இதுதான். மின் இணைப்புக்கான விண்ணப்பத்தில் 'வீட்டுப் பெயர்' என்று ஓர் இடம் இருக்கிறது. மலையாளிகளுக்கு அது சிக்கலே இல்லை, தலைமுறையாக வீட்டுக்குப் பெயர் வைத்து வாழ்கிறவர்கள். எங்களுக்குத் தெருப் பெயர் உண்டு, தோட்டத்துப் பெயர் உண்டு, வீட்டுப் பெயர் என்று தனியாக ஒன்று கிடையாது. அதனால் எல்லோரும் சொல்கிற மாதிரி 'தெக்குச் சாளை' என்று எழுதினோம். ஊராட்சிப் பதிவிலும் அதுவே ஏறியது. ஏறும்போது கட்டடத்தின் பயன்பாடு என்ற கட்டத்தில் யாரோ 'ஷெட்' என்று போட்டுவிட்டார்கள். அந்தச் சான்றோடு மின் அலுவலகம் போனால், வீட்டு வகையில் தர முடியாது, கடைக்குரிய வகையில்தான் தர முடியும் என்றார்கள். அதாவது மின் கட்டணப் பட்டியலில் வீடுகளுக்கான எல்டி 1ஏ இல்லை, கடைகளுக்கான எல்டி 7ஏ. "சேச்சி, இது வீடல்லல்லோ, சாளையல்லே?" என்று கவுன்டரில் இருந்த தம்பி கேட்டார். அவர் கெட்டவர் இல்லை, காகிதத்தில் இருந்ததைத்தான் படித்தார். ஊராட்சியில் கேட்டால், வீடு என்று மின் அலுவலகம் நேரில் பார்த்து எழுதித் தரட்டும், திருத்துகிறோம் என்றார்கள். மின் அலுவலகத்தில் கேட்டால், ஊராட்சி திருத்தட்டும், வந்து பார்க்கிறோம் என்றார்கள்.

அந்த நாலு மாதமும் என் மாமியாரின் இன்சுலின் குப்பி மண்பானையில் இருந்தது. பெரிய பானையில் பாதிக்கு மணல், அதில் தண்ணீர் ஊற்றி, நடுவில் ஒரு சின்னக் கலயம், கலயத்துக்குள் குப்பி, மேலே ஈரத்துணி. காலையும் மாலையும் நான் மணலை நனைப்பேன். ஏப்ரல் வெயிலில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கும் காற்றில் அந்தத் துணி அரை மணி நேரத்தில் காய்ந்துவிடும். ஒவ்வொரு முறை ஊசி போடும்போதும் அத்தை குப்பியைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். "சில்லுன்னுதான் இருக்கு, பயப்படாதே" என்பார். பயந்துகொண்டேதான் போட்டேன்.

வீட்டுக்கு இருபதடி தள்ளி எங்கள் மோட்டார் ரூம். அங்கே விவசாய இணைப்பு இருக்கிறது. "ஒரு வயர் இழுத்துக்கலாம் அக்கா, யாரும் கேட்க மாட்டாங்க" என்று வயரிங் செய்தவர் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன். 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவு எனக்குத் தெரியும். ஒரு காரியத்துக்கு வாங்கிய மின்சாரத்தை வேறு காரியத்துக்குப் பயன்படுத்தினால் அதற்குரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு கட்ட வேண்டும்.

அந்தப் பிரிவை வைத்தே உங்களிடம் ஒன்று கேட்கிறேன். வீடு என்று சொல்லி இணைப்பு வாங்கிக் கடை நடத்துகிறவரைப் பிடிக்கச் சட்டம் இருக்கிறது, அபராதமும் இருக்கிறது. அப்படியானால் ஒருவர் இது வீடு என்று கையெழுத்துப் போட்டுத் தந்தால் அதை ஏற்று வீட்டு வகையிலேயே இணைப்பைக் கொடுத்துவிட்டு, சந்தேகம் இருந்தால் அப்புறம் வந்து பார்த்தால் என்ன? பொய் சொன்னவருக்கு இரண்டு மடங்கு. உண்மை சொன்னவர் எதற்காக இருட்டில் காத்திருக்க வேண்டும்?

முதலில் கடை வகையில் வாங்கிக்கொள்ளுங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று எங்களுக்கும் சொன்னார்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரர் அப்படித்தான் வாங்கினார். இரண்டு பல்பு, ஒரு காற்றாடி, ஒரு டிவி. அதற்குக் கடைக்காரர் கட்டுகிற பில்லை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார். மாற்றித் தரச் சொல்லிப் போனால் மறுபடியும் அதே ஊராட்சிச் சான்று.

சட்டத்தின் 62ஆம் பிரிவு, எந்த அடிப்படையில் கட்டணத்தில் வேறுபாடு காட்டலாம் என்று வரிசையாகச் சொல்கிறது. மின்சாரம் எந்த நோக்கத்துக்குத் தேவைப்படுகிறது என்பதும் அதில் ஒன்று. வீட்டை என்ன சொல்லால் கூப்பிடுகிறோம் என்பது அதில் இல்லை. உள்ளே அடுப்பு எரிகிறதா, ஆள் படுத்துத் தூங்குகிறாரா என்று பார்க்க ஓவர்சியர் ஒரு தடவை வந்தால் போதும். எங்கள் வீட்டுக்குக் கடைசியில் ஒருவர் வந்தார். திண்ணையில் காய்ந்த துணியையும் சமையல் கட்டையும் பார்த்தார், பத்து நிமிஷத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார். அந்தப் பத்து நிமிஷத்துக்குத்தான் நாலு மாதம்.

நாள் கணக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். மின் நுகர்வோர் உரிமை விதிகளில் 2024 பிப்ரவரியில் செய்த திருத்தப்படி கிராமப்புறத்தில் 15 நாளில் புது இணைப்பு தர வேண்டும். மலைப்பகுதி கிராமங்களுக்கு 30 நாள். ஆனால் விண்ணப்பம் எல்லா வகையிலும் முழுமையாக இருந்தால்தான் அந்த நாள் ஓடத் தொடங்கும். வகையில் தகராறு என்றதும் விண்ணப்பம் முழுமையில்லை என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். ரசீது கிடையாது, தேதி கிடையாது. தேதி இல்லாமல் மின் நுகர்வோர் குறைதீர் மன்றத்துக்குப் போய் எதைக் காட்டுவது? எங்கள் வீட்டுக்கு எழுத்தில் ஒரு மறுப்புகூடக் கிடைக்கவில்லை, எல்லாம் வாய்ச்சொல்தான்.

மன்றம் இருப்பதும், அதற்கு மேலே மின் குறைகேள் அதிகாரி இருப்பதும் எனக்குத் தெரியும். எங்கள் இணைப்பு வந்துவிட்டதால் அங்கே போக இனி எனக்கு எதுவும் இல்லை. உங்களிடம் வருவது, 2014இல் மின் வழங்கல் விதித்தொகுப்பை வகுத்தது நீங்கள் என்பதால். முகவரியிலோ வகையிலோ சந்தேகம் இருந்தாலும் விண்ணப்பத்தை வாங்கித் தேதியோடு ரசீது தர வேண்டும், வீடு இல்லை என்று முடிவு செய்தால் நேரில் பார்த்துக் காரணத்தை எழுதித் தர வேண்டும் என்று அதில் சேருங்கள்.

கதவு எண்ணையும் நினைவில் வையுங்கள். கேரளத்தில் வீட்டு எண் வார்டு எண்ணோடு ஒட்டியது. 2025 உள்ளாட்சித் தேர்தலுக்கு முன் வார்டுகளை மறுவரையறை செய்தார்கள். வார்டு மாறினால் எண்ணும் மாறும். எங்கள் பழைய வீட்டுச் சுவரில் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு எண்கள் பெயின்டில் இருக்கின்றன. ரேஷன் கார்டில் ஒன்று, வரி ரசீதில் மற்றொன்று. இரண்டும் ஒரே வீடு என்று சொல்ல ஆள் தேடி அலையும் நிலை எந்த விண்ணப்பதாரருக்கும் வரக் கூடாது.

இன்னொன்று. எங்கள் தாலுகாவில் விண்ணப்பப் படிவம் தமிழிலும் இருக்கட்டும். ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் குறையை எழுதிக் கொடுக்க அரசியல் சட்டத்தின் 350ஆவது பிரிவு எல்லோருக்கும் உரிமை தருகிறது. அந்த உரிமையில்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன். சாளை என்றால் இங்கே குடியிருக்கும் வீடு என்று எங்கள் பக்கத்து மின் அலுவலகங்களுக்கு ஒரு சுற்றறிக்கை போகச் செய்தால் அதுவே பெரிய உதவி.

அத்தையின் மருந்து இப்போது ஃபிரிட்ஜில் இருக்கிறது. அடுத்த தோட்டத்தில் ஒரு புதுக் குடும்பம் போன வாரம் வீடு கட்ட வானம் தோண்டியிருக்கிறது. ஆவணிக்குள் குடிவர நினைக்கிறார்கள். வீட்டுப் பெயர் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று என்னிடம் கேட்டார்கள். வடக்குச் சாளை என்றே எழுதுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
சித்தூர் தாலுகாவிலிருந்து ஒரு மின் நுகர்வோர்