இருட்டை உண்டாக்கித் தந்தவர்களுக்கு

சொடன்கிலா நள்ளிரவுச் சூரியத் திரைப்பட விழாவுக்குத் தோள் கொடுத்த எல்லோருக்கும் வணக்கம்.

பின்லாந்தில், ஆர்க்டிக் வட்டத்துக்கு 120 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது உங்கள் ஊர். சுற்றுவட்டாரம் முழுக்க எண்ணினாலும் எட்டாயிரத்துச் சொச்சம் பேர்தான். ஜூன் நடுவில் அங்கே சூரியன் மறைவதே இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் போய் 1986-இல் திரைப்பட விழா தொடங்கினார்கள் இயக்குநர்களான கௌரிஸ்மாகி சகோதரர்களும், திரைப்பட வரலாற்றாளர் பீட்டர் வான் பாக்கும் நண்பர்களும். போட்டி கிடையாது, பரிசு கிடையாது. புதன் முதல் ஞாயிறு வரை இரவுபகலாகப் படம், அவ்வளவுதான். அவர்களைப் பற்றி எழுத ஆள் நிறைய உண்டு. இந்த மடல் உங்களுக்கு.

முதல் நன்றி படம் காட்டும் கூடாரத்தைக் கட்டியவர்களுக்கு. எங்கள் பக்கத்து டென்ட் கொட்டகையில் பொழுது சாய்ந்த பிறகுதான் முதல் ஆட்டம்; இருட்டு இலவசம். உங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. திரையில் கறுப்பு என்று தனியாக ஒன்றும் கிடையாது, வெளிச்சம் விழாத துணிதான் கறுப்பு. அரங்குகளில் திரையின் வெள்ளைக்குச் சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா (வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்று கணக்கு. தையல் வழியாகவோ வாசல் வழியாகவோ 1 கேண்டெலா கசிந்தால் போதும், வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம் ஐம்பதைக்கூடத் தொடாது. இரவுக் காட்சியில் நடிகரின் கோட்டும் பின்னால் இருக்கும் சுவரும் ஒரே சாம்பலாகிவிடும். தரையைத் தொடும் விளிம்பில் வெயில் நுழையாமல் பார்ப்பதும், நள்ளிரவுக் காட்சிக்குப் பாதியில் வருகிறவர்களை வாசலில் நிறுத்திவைப்பதும் அற்ப வேலை இல்லை. படத்தின் பாதி அழகு அந்த வாசலில்தான் இருக்கிறது.

அடுத்து ஆபரேட்டர்கள். இன்னும் 35 மில்லிமீட்டர் பிரதிகளை ஓட்டுகிறீர்களே, அதற்கு. ஒரு ரீல் அதிகபட்சம் 600 மீட்டர், ஏறக்குறைய 22 நிமிடம். இரண்டு மணி நேரப் படம் என்றால் ஆறு ரீல், ஒரு புரொஜெக்டர் மிஷினிலிருந்து இன்னொன்றுக்கு ஐந்து முறை மாற்ற வேண்டும். திரையின் வலது மேல் மூலையில் முதல் புள்ளி வந்தால் அடுத்த மிஷினின் மோட்டாரை ஓடவிட வேண்டும். ஏழெட்டு நொடியில் இரண்டாவது புள்ளி வந்ததும் மாற்றிவிட வேண்டும். அந்தப் புள்ளி நான்கே ஃபிரேம், நொடியில் ஆறில் ஒரு பங்கு. அதிகாலை நான்கு மணிக்குக் கண் ஒருமுறை அசந்தால் திரை வெறும் வெள்ளையாகிவிடும். குளிரில் வந்த படப்பெட்டியைக் கதகதப்பான அறையில் உடனே திறந்தாலும் ஆபத்து. ஃபிலிமின் மேல் ஈரம் படியும், சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டும். பெட்டியை மூடியபடியே சில மணி நேரம் விட்டுவைக்கும் பொறுமை வேண்டும். காட்சி நேரம் நெருங்கும்போது அந்தப் பொறுமை எத்தனை பேருக்கு வரும்?

மௌனப் படங்களுக்கு உடனிருந்து வாசித்த இசைக்கலைஞர்களுக்கும், அவர்களுக்குச் சரியான வேகத்தைச் சொன்னவர்களுக்கும் தனி நன்றி. 1,800 மீட்டர் படத்தை நொடிக்கு 24 ஃபிரேமில் ஓட்டினால் 66 நிமிடத்தில் முடிந்துவிடும். 18-இல் ஓட்டினால் 87 நிமிடம். வேகம் தப்பினால் ஆட்கள் துள்ளித் துள்ளி நடப்பார்கள், வாத்தியமோ இறுதிக் காட்சிக்கு இருபது நிமிடம் பின்தங்கி நிற்கும். கேட்டையும், அதாவது புரொஜெக்டரில் ஃபிலிமுக்கு முன்னால் இருக்கும் சட்டத்தையும், மாற்ற வேண்டும். பேசும் படத்துக்கான கேட்டில் மௌனப் படத்தை ஓட்டினால், ஒலித்தடத்துக்காக மறைக்கும் இடது ஓரம் வெட்டுப்படும். அந்த ஓரத்தில் யாராவது நின்றிருந்தால் அவர் பாடு அதோகதிதான்.

வெளிநாட்டுப் பிரதிகளுக்குத் திரையின் கீழே சப்டைட்டில் வரிகளைக் கணினியில் ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டவர்களை யாரும் கவனிப்பதில்லை. வசனம் நிறைந்த படத்தில் வரிகள் ஆயிரத்தைத் தாண்டும். பழைய பிரதிகளில் அறுந்து ஒட்டிய இடங்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் சில ஃபிரேம்களோ சில நொடிகளோ காணாமல் போயிருக்கும். கணினியை அதன் போக்கில் விட்டால் பத்தாவது நிமிடத்திலேயே அழுகிறவள் வாயில் ஜோக் வரும். வசனத்தைக் காதால் கேட்டு விரலால் தட்டுவதைத் தவிர வேறு வழி இல்லை.

காலைப் பத்து மணிக்குப் பள்ளியில் நடக்கும் இயக்குநர் உரையாடல்களுக்கு இடத்தைத் தயார் செய்தவர்களுக்கும், லாப்பின்சூ தியேட்டரில் டிக்கெட் கிழித்தவர்களுக்கும், குப்பை அள்ளியவர்களுக்கும் நன்றி. ஊர் கூடிச் சம்பளமில்லாமல் செய்யும் வேலைக்கு உங்கள் மொழியில் 'தல்கோத்' என்று பெயர். முதல் விழாவுக்கு வந்த அமெரிக்க இயக்குநர் சாமுவேல் ஃபுல்லர் பெயரில் உங்கள் ஊரில் தெரு இருக்கிறது. கூடாரத்து வாசலில் நின்றவர்கள் பெயரில் ஒரு சந்தாவது வைக்கலாம்.

கடைசியாக, கொசு. புரொஜெக்டர் ஜன்னல் கண்ணாடியில் அவை நசுங்கிப் படிந்தால் திரையில் படம் மங்கும். ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் துணியோடு வந்து அந்தக் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் போனவர்களே, உங்களுக்கும்.

இப்படிக்கு,
கூடாரத்தின் கடைசி வரிசைத் தமிழர்கள்