அந்தக் கையை ஒதுக்கிவிடாதீர்கள்

மதிப்புக்குரிய உடற்கூறியல் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். மருத்துவப் படிப்பின் முதலாண்டில், இறந்தவர் உடலை வெட்டிப் படிக்கும் எங்கள் டிசெக்‌ஷன் மேசையில் இருந்த உடலின் வலது மேற்கையில் ஒரு பெரிய தமனிக்குப் பதில் இரண்டு ஓடின. புத்தகப்படி மேற்கையின் அந்தப் பெரிய தமனி, அதாவது பிரேக்கியல் தமனி, முழங்கை மடிப்பைத் தாண்டி, முன்கை எலும்பான ரேடியஸின் கழுத்தருகே வந்துதான் கட்டைவிரல் பக்கம் ரேடியல், சுண்டுவிரல் பக்கம் அல்நார் என்று பிரிய வேண்டும். இங்கே அக்குளை ஒட்டியே பிரிந்துவிட்டது. தப்பாக வெட்டிவிட்டோமோ என்று பயந்து சாரைக் கூப்பிட்டோம். "அது அப்நார்மல், பரீட்சைக்கு வராது. பக்கத்து மேசையில் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார்.

அந்த 'அப்நார்மல்' என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை. ரேடியல் தமனி மேலேயே கிளம்புவது நூற்றில் 14 கைகள் அளவுக்குக்கூடப் பதிவாகியிருக்கிறது. பத்து மேசை என்றால் இருபது கைகள். தேடினால் ஒன்றிரண்டாவது அகப்படும். கருவில் கை முளைக்கும்போது இருப்பது நுண்குழாய்களின் வலைதான். ரத்தம் நிலைத்து ஓடும் தடம் தமனியாகிறது, மற்றவை வற்றுகின்றன. எது வற்றும் என்பது எல்லோருக்கும் ஒன்றுபோல் இருப்பதில்லை. எட்டாவது வாரவாக்கில் சுருங்க வேண்டிய, முன்கையின் நடுவே ஓடும் மீடியன் தமனி சிலருக்கு உள்ளங்கை வரை தங்கிவிடுகிறது. 1880களில் பிறந்தவர்களில் சுமார் 10% பேருக்கு இருந்த அது, இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் சுமார் 30% ஆகியிருப்பதாக 2020இல் வந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு சொல்கிறது. இதையும் அப்நார்மல் என்போமா?

எனக்கு அதிகக் கவலை தருவது வேறொன்று. சிலருக்கு அல்நார் தமனி முன்கைத் தசைகளுக்கு மேலாக, தோலுக்கு அடியிலேயே ஓடும். பார்த்தால் நல்ல சிரை போலிருக்கும். சிரைக்கான மருந்து அதற்குள் போனால் தமனி இறுகி, ரத்தம் உறைந்து, விரல்களே அழுகக்கூடும். பயிற்சி நாள்களில் அப்படி ஒரு 'சிரை'யை நானும் குறிவைத்தேன். "சிரை தெரியறதுக்குக் கையில கட்டு போடுறதுக்கு முன்னாடி விரல் வச்சுப் பாருங்க டாக்டர்" என்றார் ஒரு மூத்த செவிலியர். வைத்தேன், துடித்தது. ஊசியைக் கீழே வைத்துவிட்டேன்.

மணிக்கட்டு வழியாக இதயத்துக்குக் குழாய் செலுத்துபவர்களுக்கும் இதே பாடம் வேண்டும். மேலிருந்து கிளம்பும் ரேடியல் தமனி மெலிதாக இருந்தால் இறுகிக்கொள்ளும், குழாய் நகராது.

அதனால் ஒரு வேண்டுகோள். இப்படி ஒரு கை கிடைத்தால் எல்லா மேசைகளையும் அங்கே கூப்பிடுங்கள். அப்புறம், வைவா என்ற வாய்மொழித் தேர்வில் ஒரு கேள்வியாவது கேளுங்கள். கேட்டால்தான் படிப்போம், அது உங்களுக்கே தெரியும். எங்கள் கையை யாரும் வரைந்துகூட வைக்கவில்லை. அடுத்த வாரம் காலுக்குப் போய்விட்டோம்.

இப்படிக்கு,
உங்கள் பழைய மாணவன்