அந்த மூன்று சீட்டு பற்றி: நம் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் இருக்கிற நம் கடையின் அக்கா, அண்ணன், தம்பி, தங்கை எல்லாருக்கும் வணக்கம்.

நம் கடையை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. முன்பக்கம் கற்பூரம், விபூதி, திரி, அகல்விளக்கு. திரைக்குப் பின்னால், படச்சீட்டு எடுத்துப் பலன் பார்க்கும் டாரோட் சீட்டு மேசை. சாமானுக்கு வந்து சீட்டுப் பார்த்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு, சீட்டுப் பார்க்க வந்து வெறும் பால் விடாத தே ஓ குடித்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. நான் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை, அதுவும் உங்களுக்குத் தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வாரமாக வாட்சப் குழுக்களில் ஒரு படம் சுற்றுகிறது. நம் மேசை, நம் சிவப்பு விரிப்பு, அதன்மேல் மூன்று சீட்டு. கீழே ஒரு வரி: "மூணும் தலைகீழ். வேணும்னே கவுத்துப் போட்டு பயமுறுத்துறாங்க." சீட்டு தலைகீழாக விழுந்தால் கெட்டது என்று பலர் நினைப்பதால் வந்த பேச்சு இது. போன ஞாயிறு சந்தைக்குப் போனேன். மீன்காரத் தம்பி, "அக்கா, கெம்போங் மீனைக் கவுத்துப் போடட்டுமா, நேராப் போடட்டுமா?" என்று கேட்கிறான். சிரித்துவிட்டுத்தான் வந்தேன். ஆனால் அந்த "வேணும்னே" என்ற சொல் இருக்கிறதே, அது இன்னும் நெஞ்சில் முள்ளாக நிற்கிறது. அதனால்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் படத்தைப் பற்றி. அது வாடிக்கையாளர் நாற்காலியிலிருந்து எடுத்த படம். சீட்டைப் பார்த்துப் பலன் சொல்கிறவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு நேராக இருக்கும் சீட்டு எதிரில் இருப்பவருக்குத் தலைகீழாகத்தானே தெரியும்? பேப்பரை விரித்து வாசிக்கிறவருக்கு எதிரே உட்கார்ந்து பாருங்கள், தலைப்புச் செய்தியெல்லாம் கவிழ்ந்துதான் கிடக்கும். படத்தில் இருப்பவை சூரியன், கோல் நான்கு, தொங்கும் மனிதன். மேசைக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தால் சூரியன் நேர், கோல் நான்கும் நேர்.

மூன்றாவதில்தான் வேடிக்கை. தொங்கும் மனிதன் சீட்டில் அந்த ஆளை ஒற்றைக் காலில் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டுத்தான் வரைந்திருப்பார்கள். அப்படித் தொங்கினால்தான் சீட்டு நேர். படத்தில் அவன் தொங்குகிறான், அப்படியென்றால் எங்கள் பக்கத்திலிருந்து பார்க்கும்போது அவன் நின்றுகொண்டிருக்கிறான். நின்றால் சீட்டு தலைகீழ். ஆக, மூன்றில் கவிழ்ந்தது ஒன்றே ஒன்று. அதில்கூட ஆள் எங்களுக்கு நேராகத்தான் தெரிந்தான். இதை என் தம்பிக்கு விளக்கி முடிக்கவே அரை மணி நேரம் ஆனது. வாட்சப்பில் ஒரு வரியில் எப்படிச் சொல்வது?

அப்புறம், வேண்டுமென்றே கவிழ்த்தோம் என்பது. கடைக்கு வரும் புதுக்கட்டில் 78 சீட்டும் நேராகத்தான் அடுக்கியிருக்கும். கலைக்கும்போதுதான் தலை கால் மாறும். நம் மேசையில் யார் கலைப்பது? வாடிக்கையாளர்தான். முகம் தெரியாமல் விரித்துப் போட்டு, இரண்டு கையாலும் மாவு பிசைகிற மாதிரி கலைக்கச் சொல்கிறோம். நாங்கள் கை வைப்பது திருப்பும்போது மட்டும். அந்தத் திருப்பலிலும் ஒரு முறை இருக்கிறது. புத்தகப் பக்கம் மாதிரி பக்கவாட்டில் திருப்பினால் சீட்டின் தலை இருந்த பக்கமே இருக்கும். தோசை மாதிரி கீழிருந்து மேலே புரட்டினால் தலை கால் மாறிவிடும். அன்று மேசையில் இருந்தவள் என் அக்காள் மகள். அவளுக்கு முதல் நாள் நான் சொல்லிக்கொடுத்ததே, "தோசை திருப்பாதே" என்பதுதான். அவள் அப்படித் திருப்பவில்லை.

சரி, கவிழ்ந்தே வந்தாலும் அது என்ன சாபமா? தலைகீழுக்குத் தனிப் பலன் சொல்வது நான் கண்டுபிடித்தது இல்லை. டாரோட் முதலில் வெறும் ஆட்டச்சீட்டு, 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் விளையாடியது. பிரான்சில் அல்லியெத் என்று ஒருவர் 1770இல் சாதாரண ஆட்டச்சீட்டை வைத்துப் பலன் பார்க்கும் முறையை அச்சிட்டார். ஒவ்வொரு சீட்டுக்கும் நேருக்கு ஒரு பலன், கவிழ்ந்தால் ஒரு பலன். அந்த மனுஷன் தன் பெயரையே பின்னாலிருந்து எழுதி "எத்தெய்லா" என்று வைத்துக்கொண்டவர். தலைகீழில் அவ்வளவு பிரியம்.

நம் மேசையில் இருப்பது 1909இல் லண்டனில் வெளிவந்த கட்டின் வகை. படங்களை வரைந்தவர் பமேலா கோல்மன் ஸ்மித் என்ற பெண்மணி, பலன் எழுதியவர் வெய்ட். அவர் எழுதியதைப் பாருங்கள். சூரியன் கவிழ்ந்தால்? அதே மகிழ்ச்சிதான், அளவு கொஞ்சம் குறைவு. கோல் நான்கு கவிழ்ந்தால்? பலன் மாறவே மாறாது. நான்கு கோல் நட்டு மாலை தோரணம் கட்டி, பெண்கள் பூச்செண்டைத் தூக்கிக்காட்டும் சீட்டு அது, நம் கல்யாணப் பந்தல் மாதிரி. இன்னொன்றும் சொல்கிறேன். வாள் பத்து நேராக வந்தால்தான் வயிற்றைக் கலக்கும், முதுகில் பத்து வாள் குத்தி ஒருவன் குப்புறக் கிடப்பான். அதுவே கவிழ்ந்தால் லாபம், வெற்றி, ஆனால் நிலைக்காது என்கிறார் வெய்ட். கவிழ்ந்தது எல்லாம் கெட்டது என்றால் இது எங்கிருந்து வந்தது?

நான் பார்க்கிற முறை என் அம்மாவிடமிருந்து வந்தது. அவர் சீட்டைக் கண்ணால் பார்த்ததில்லை, பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தில் பால் எடுத்தவர். விடியற்காலையில் மழை பெய்துவிட்டால் அன்று வெட்டு இல்லை. மரத்தில் பால் இல்லை என்றா அர்த்தம்? பட்டை நனைந்திருக்கிறது, காயட்டும், அவ்வளவுதான். கவிழ்ந்த சீட்டை நான் பெரும்பாலும் அப்படித்தான் எடுப்பேன். விஷயம் உள்ளே இருக்கிறது, இன்னும் வெளியே வரவில்லை. சில நேரம் நேர்ப்பலன் வலுக் குறைந்து வரும், சில நேரம் அப்படியே எதிராகவும் வரும். எது என்பதைக் கேள்வியும் பக்கத்துச் சீட்டும்தான் சொல்ல வேண்டும். தொங்கும் மனிதன் கவிழ்ந்தால், காத்திருந்தது போதும், இறங்கு என்றும் எடுக்கலாம், இனியும் தொங்குவது வீண் என்றும் எடுக்கலாம். அன்று என் அக்காள் மகள் எதைச் சொன்னாள், ஏன் சொன்னாள் என்று நான் இங்கே எழுத மாட்டேன். மேசையில் கேட்டது மேசையோடு. படம் போட்ட அக்காவுக்கும் அந்த மரியாதை உண்டு.

நமக்கு இதெல்லாம் புதிதும் இல்லை. சோழி உருட்டினால் எத்தனை நிமிர்ந்தது, எத்தனை கவிழ்ந்தது என்றுதானே எண்ணுகிறோம்? கவிழ்ந்த சோழியைப் படம் எடுத்து யாரும் போட்டதில்லை. கிரகம் வக்ரமானால் கெட்டுப்போச்சு என்று ஒரு ஜோசியர் சொல்வார், பலம் கூடியது என்று இன்னொருவர் சொல்வார். இரண்டு பேருக்கும் வெற்றிலை பாக்கு வைத்துத்தான் அனுப்புகிறோம்.

இருந்தாலும் உங்கள் மனம் சங்கடப்பட்டது உண்மை. முதலிலேயே விளக்கிச் சொல்லியிருக்க வேண்டும், அது என் தவறு. எதிர் நாற்காலியை எடுத்துவிட்டேன். இனி பெஞ்சில் என் பக்கத்திலேயே உட்கார்ந்து, நான் பார்க்கும் பக்கமிருந்தே பாருங்கள். படமும் எடுங்கள், அங்கிருந்தே எடுங்கள். தலைகீழ் வேண்டாம் என்றால் கலைக்கும் முன்பே சொல்லிவிடுங்கள், எல்லாவற்றையும் நேராக்கி வைத்துவிடுகிறேன். தலைகீழே பார்க்காதவர்கள் இந்தத் தொழிலில் எத்தனையோ பேர், அதில் ஒரு குறையும் இல்லை. அன்று, படம் போட்ட அந்த அக்கா வாங்கிப்போன 88 வெள்ளி பரிகாரப் பொட்டலம் இனி கடையில் இல்லை.

என் அக்காள் மகள் ஜோகூர் பாரு போய்விட்டாள், சிங்கப்பூரில் வேலை. இந்தப் பேச்சால்தான் போனாள் என்று சொன்னால் அது பொய், அங்கே சம்பளம் அப்படி. ஆனால் அழுதுகொண்டு பஸ் ஏறினாள், அதையும் மறைக்கவில்லை. இனி மேசையில் நான் மட்டும்தான், சனி ஞாயிறு, காலை 10 முதல் மாலை 5 வரை. கட்டணம் 35 வெள்ளியிலிருந்து 50 ஆகிறது.

2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து கடையை இழுத்து மூடியபோது, போனில் கற்பூரமும் திரியும் கேட்டு, சாமான் கைக்கு வருமுன் பணத்தைப் போட்டுவிட்டவர்கள் நீங்கள். நான் மறக்கவில்லை. இந்த இரண்டு வாரத்திலும் எல்பில் தோட்டப் பக்கமிருந்து மழையில் மோட்டாரில் வந்து, ஒன்றும் கேட்காமல், ஒரு டின் முறுக்கை வைத்துவிட்டுப் போன அண்ணிக்கு என்ன சொல்வது? டின்னைக் கழுவி வைத்திருக்கிறேன், வந்து வாங்கிக்கொள்ளுங்கள். படம் போட்ட அக்காவும் வரலாம், தே ஓ எப்போதும் உண்டு.

பெஞ்சின் ஒரு கால் ஆடுகிறது. தச்சர் புதன்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை வருகிறவர்கள் சுவர்ப் பக்கமாக உட்காருங்கள்.

அன்புடன்,
பூஜைச் சாமான் கடை அக்கா